கீழ்ப் பாதி பேரிங்

மாமனார் சின்ன மாப்பிள்ளையை ‘டேய்’ என்று கூப்பிட்ட அன்றைக்குத்தான் பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரியத் தொடங்கியது.

கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். மருமகனை டேய் போட்டால் அவனுக்குத்தானே கோபம் வர வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்கு என்ன கேடு என்பார்கள். அந்தப் பட்டறையில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். பெரிய மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து மாமனார் வாயில் ‘வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, அந்த ஸ்பேனரை எடுங்க மாப்பிள்ளை’தான். கையில் கிரீஸும் காதோரம் கரியுமாக நின்றாலும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. மாப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னமும் ‘வாங்க’. சின்னவளைக் கட்டிக்கொண்டவன் பட்டறைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கழியவில்லை. அதற்குள் ‘டேய், இங்க வா, இதைப் பிடி, சாப்பிட்டியா, ஏன் கண்ணு செவந்திருக்கு?’ மரியாதை என்பது வாசலில் போடுகிற நாற்காலி. ஒருவரை அதில் உட்கார வைத்துவிட்டு உள்ளே இன்னொருவனுக்குச் சோறு போடுகிறார்கள்.

பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. வெயில் ஏறினால் கூரை சடசடவென்று நெட்டி முறிக்கும், மழை வந்தால் பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. பந்தயத்தில் ஓடுகிற கார்களுக்கு எஞ்சின் கட்டுவதுதான் வேலை. தெருவில் ஓடுகிற வண்டியை அவர்கள் தொட மாட்டார்கள். வெளிக் கொட்டகையில் கழுவுகிற தொட்டி, கடைசல் எந்திரம், கட்டிய எஞ்சினை ஓட்டிப் பார்க்கிற ஸ்டாண்டு. உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, தும்மக் கூடாது. அங்கே ஒரு மேசை. கிராங்க் ஷாஃப்டை அளந்து, பேரிங் தேர்ந்து, எஞ்சினின் உடம்பான பிளாக்கில் உட்கார வைப்பது அந்த மேசையில்தான். அந்த மேசையில் நிற்பவன்தான் பட்டறையின் ஆள். மற்றவனெல்லாம் கழுவுகிறவன், தூக்குகிறவன்.

மாமனாருக்குக் கண்ணில் புரை விழுந்து மைக்ரோமீட்டரின் கோடுகள் தெரியாமல் போனதிலிருந்து மேசை பெரிய மாப்பிள்ளையிடம் இருந்தது. அவர் கட்டியதில் எதுவும் பாதியில் நின்றதில்லை. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். சொல்ல வேறு ஆளும் இல்லை.

அப்போதுதான் பல் டாக்டரம்மாவின் எஞ்சின் வந்தது. அந்த அம்மா வாரம் முழுக்க ஊரார் பல்லைப் பிடுங்கிவிட்டு விடுமுறை நாளில் பந்தயம் ஓட்டுகிறவள். கட்டையான ஆள், சத்தமான சிரிப்பு. புது பிளாக், முழுக்க அலுமினியம்.

“இது வரைக்கும் மூணு பட்டறை பார்த்துட்டேன். ஒருத்தன் டைட்டா வச்சான், பிடிச்சுக்கிச்சு. ஒருத்தன் லூஸா வச்சான், ஆயில் பிரஷர் போச்சு. நீங்களாவது ஒழுங்கா வைங்க. இல்லேன்னா உங்க எல்லாரையும் என் நாற்காலியில உக்கார வச்சு, மரத்துப்போற ஊசி போடாம வேலை பார்ப்பேன்” என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் முழுக்க இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. அதை மேலும் கீழும் இரண்டு பாதி பேரிங்குகள் பிறை மாதிரி கவ்விப் பிடிக்கின்றன. மேல் பாதி பிளாக்கில் உட்காரும், கீழ்ப் பாதி அதை மூடுகிற கேப்பில் உட்காரும். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் எண்ணெய் நிற்க இடம் விட வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகக் கூறு போட்டால் ஒரு கூறைப் பட்டறையில் ‘தவ்’ என்பார்கள். தலைமுடி ஒன்று ஏறக்குறைய மூன்று தவ் கனம் இருக்கும். அந்த ஒரு முடிக்குள்ளேதான் சகலைகள் இரண்டு பேருக்கும் சண்டை.

“ரெண்டரை. பந்தய எஞ்சின்னா ரெண்டரை. ஷாஃப்ட் ரெண்டு அங்குலம், அங்குலத்துக்கு ஒண்ணு, மிதிக்கிற மிதிக்கு ஒரு அரை சேர்த்துக்கணும். கெட்டி ஆயில் ஊத்து. முடிஞ்சுது” என்றார் பெரிய மாப்பிள்ளை.

சின்ன மாப்பிள்ளை மேசையின் அந்தப் பக்கம் நின்றான். ஒல்லியான உடம்பு, மழித்த முகம், துணியில் கை துடைத்துக்கொண்டே இருக்கிற பழக்கம். முன்பு ஏதோ பெரிய பந்தயக் கம்பெனியில் வேலை பார்த்தவன். அதையும் அவன் சொல்லவில்லை, சின்னவள்தான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

“அண்ணே, நீங்க சொல்றது வார்ப்பிரும்பு பிளாக்குக்குச் சரி. இது அலுமினியம். சூடாச்சுன்னா ஷாஃப்டைவிட பிளாக் ஜாஸ்தி விரியும். ஆறின நிலையில ரெண்டு வச்சா ஓடும்போது அதுவே மூணாயிடும். இப்பவே ரெண்டரை வச்சா அப்புறம் மூணரைக்குப் போயிடும். மெல்லிசு ஆயில் வேற ஊத்தப் போறோம்.”

“யாரு சொன்னது மெல்லிசு ஆயில்னு?”

“டாக்டரம்மாதான் கேட்டாங்க. கெட்டி ஆயிலைச் சுத்துறதுக்கே பவர் போகுதுன்னு.”

“அந்த அம்மாவுக்குப் பல்லு தெரியும். ஆயிலு தெரியுமா?”

“எனக்குத் தெரியும்ணே.”

அவன் திமிராகச் சொல்லவில்லை. கடையில் சாமான் விலை சொல்வது மாதிரிச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் திரும்ப ஒன்று கொடுத்திருக்கலாம்.

மாமனார் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மங்கினாலும் காது மங்காத ஆள். இரண்டு பேரையும் பேச விட்டுவிட்டு ஒரு பேரிங்கின் முதுகைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

“மாப்பிள்ளை, நீங்க சொல்றது தப்புன்னு சொல்லல. ஆனா இந்த மாதிரி பிளாக்கு அவன் கையில புழங்கினது. இந்த ஒண்ணை அவன் கட்டட்டும். டேய், ரெண்டே வை. அளந்துட்டு எனக்கு வாயால சொல்லு.”

பெரிய மாப்பிள்ளை மைக்ரோமீட்டரைத் துடைத்தார், பெட்டியில் வைத்தார், பெட்டியை மூடினார். மேசையை விட்டு இந்தப் பக்கம் வந்தபோது காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தன் வீட்டிலேயே விருந்தாளி ஆனவன் நடக்கிற மாதிரி நடந்து வெளியே வந்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அங்கேயும் அதே கதை. பெண்டாட்டி பெரியவள் சோறும் முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். சின்னவளும் அவளும் அக்கா தங்கை, ஒரே அடுப்பு, ஒரே பேச்சு. தட்டில் கையை வைக்கிறார், பெரியவள் ஆரம்பிக்கிறாள்:

“தம்பி வந்ததுலேர்ந்து அப்பா ஒழுங்கா சாப்பிடறாரு, கவனிச்சீங்களா? நேத்து சிரிச்சுக்கூடப் பேசினாரு.”

“இத்தனை நாளா அழுதுட்டா இருந்தாரு?”

“ஏங்க இப்படி?”

“நான் அவர்கூட நின்னு வேலை செஞ்சப்ப அவரு சிரிச்சு நான் பார்த்ததில்ல. எனக்குக் கண்ணு மங்கலா, அவருக்கா?”

பெரியவள் தண்ணீர் செம்பைத் தள்ளி வைத்தாள். நேராகப் பேசுகிறவள். அப்பனிடமிருந்து வந்த நாக்கு.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு அந்த எஞ்சின் ஓடணுமா, இல்ல அவன் விழணுமா?”

அவர் முட்டையை இரண்டாகப் பிட்டார். இரண்டு பாதியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பதில் இருந்தது. அதை வாயால் சொன்னால் அசிங்கமாக இருக்கும்.

வானம் நாலைந்து நாளாக மூட்டம் போட்டுக்கொண்டு பெய்யாமல் நின்றது. புழுக்கம். கையில் பிடித்த சாமான் வழுக்கியது. சின்ன மாப்பிள்ளை மட்டும் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கல்யாணப் பெண்ணுக்கு நகை போடுகிற மாதிரி வேலை செய்தான். பிளாக்கையும் கிராங்கையும் முதல் நாளே உள்ளே கொண்டுவந்து ஒரே சூட்டுக்கு வர விட்டான். கேப்புகளை இறுக்கி, துளையை அளக்கிற போர் கேஜை விட்டு, மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளந்தான். அளந்ததை மாமனாருக்கு வாயால் சொன்னான். மாமனார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு தடவை, “என்னடா கை உனக்கு, வெண்ணெய் மாதிரி” என்றார்.

வெண்ணெய்! வெளியே கடைசல் எந்திரத்துப் பக்கம் நின்ற பெரிய மாப்பிள்ளைக்கு அந்தச் சொல் முள் மாதிரி இறங்கியது. இத்தனை வருஷத்தில் தன் கையை மாமனார் எதோடும் ஒப்பிட்டுச் சொன்னதில்லை. நல்ல கை, கெட்ட கை, மரக்கட்டை என்றுகூடச் சொன்னதில்லை. ‘சரிங்க மாப்பிள்ளை’, அவ்வளவுதான்.

பெரிய மாப்பிள்ளைக்கு என்று ஒரு டிராயர் உண்டு. பூட்டு போட்டது. அதற்குள் தான் கட்டிய எஞ்சின்களில் மிச்சமான நல்ல சாமான்களையும், இதே அளவு ஷாஃப்டுக்குப் பொருந்துகிற மெலிசு பேரிங் செட் ஒன்றையும் வைத்திருந்தார். மெலிசு என்றால் ஒரு பாதி அரை தவ் குறைவு. மேல் பாதி கீழ்ப் பாதி இரண்டும் சாதாரணம் என்றால் இரண்டு தவ் கிடைக்கும். ஒரு பாதிக்கு மட்டும் மெலிசு போட்டால் இரண்டரை. பொது அலமாரியிலும் ஒரு மெலிசு செட் இருந்தது. அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த அலமாரியை இப்போது சின்னவன் புழங்குகிறான். அவன் கை பட்ட சாமானில் கை வைப்பது எச்சில் தட்டில் சாப்பிடுகிற மாதிரி.

சமயம் தானாக வந்தது. சின்ன மாப்பிள்ளை பிஸ்டன் ராடுகளை எடை சரிபார்க்கிற இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனான். மாமனார் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண் அசந்தார். உள் அறை மேசையில் பிளாக் குப்புறக் கிடந்தது. கிராங்க் உள்ளே உட்கார்ந்திருந்தது, கேப்புகள் இறுக்கியிருந்தன, எண்ணெய் நிற்கிற அடிச்சட்டி இன்னும் போடவில்லை. பெரிய மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

திருட்டு வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை. மனசுக்குள்ளே ஒரு நியாயம் தயாராக இருந்தது: காலையில் ஆறிய எஞ்சினை எவனாவது அவசரமாக மிதிப்பான், இரண்டு தவ்வில் பிடித்துக்கொள்ளும், அந்த அம்மா உயிரோடு விளையாடக் கூடாது. நல்ல நியாயம்தான். கேட்கிறவன் அப்படியே விழுங்கலாம். ஆனால் அதற்கு அடியில் கிடந்தது வேறு. அந்த எஞ்சின் ஜெயித்தால் அது அவனுடைய இரண்டில் ஜெயிக்கக் கூடாது. யாருக்கும் தெரியாமல், தனக்கு மட்டும் தெரிந்து, தன்னுடைய இரண்டரையில் ஜெயிக்க வேண்டும். மாமனார் அவன் முதுகைத் தட்டும்போது பக்கத்தில் நின்று சிரிக்கலாம்.

கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கீழ்ப் பாதியை நெம்பி எடுத்து, தன் டிராயரிலிருந்து கொண்டுவந்த மெலிசை வைத்து, எண்ணெய் தடவி, முறுக்கின் அளவு காட்டுகிற டார்க் ரெஞ்சால் இறுக்கினார். மேல் பாதி ஷாஃப்டுக்கு அடியில் மறைந்து கிடந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கிராங்கையே தூக்க வேண்டும். தூக்கவில்லை. நசுங்குகிற மெழுகு நூல் ஒன்று உண்டு. ஷாஃப்ட் மேல் ஒரு துண்டு வைத்து கேப்பை இறுக்கிக் கழற்றினால் அது எவ்வளவு அகலம் நசுங்கியது என்பதை வைத்து இடைவெளியைச் சொல்லிவிடலாம். பாக்கெட் மேசையிலேயே கிடந்தது. அதையும் எடுக்கவில்லை. அவன் இரண்டு வைத்தான், நான் அரை சேர்த்தேன், இரண்டரை. இதற்கு என்ன அளவு? இப்படித்தான் அளக்காமல் மூடினார். அவர் அளக்காமல் மூடிய முதல் எஞ்சின் அதுதான்.

ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் கொட்டுகிற கொட்டில் ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டியிருந்தது. டாக்டரம்மா குடையை மடக்காமலே கொட்டகைக்குள் நின்றாள். எஞ்சின் ஸ்டாண்டில் ஏறியிருந்தது. மெல்லிசு ஆயில் ஊற்றி, முதலில் ஆயிலை உள்ளே சுற்ற விட்டு, பிறகு சின்ன மாப்பிள்ளை ஸ்டார்ட் செய்தான்.

ஒரே திருப்பில் பிடித்தது. நல்ல சத்தம். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். ஆயில் பிரஷர் முள் ஏறி நின்றது. டாக்டரம்மா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் சூடாகி, ஆயிலும் சூடாகும் மட்டும் ஓட விட்டு, வேகத்தை ஏற்றி, திரும்ப, மிதிக்காமல் சும்மா ஓடுகிற ஐடிலுக்குக் கொண்டுவந்தான்.

முள் இறங்கியது. இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மறுபடியும் இறங்கியது.

பெரிய மாப்பிள்ளைக்கு முதலில் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடியது, மறைப்பதற்கில்லை. அடுத்த நொடியே அது உறைந்துபோனது. இரண்டரைக்கு இப்படி விழாது. இரண்டரை என்னவென்று அவர் உடம்புக்குத் தெரியும். இது அதைவிடப் பெரிசு. உள்ளே வேறு ஏதோ நடந்திருக்கிறது.

“எவ்வளவுடா?” என்று மாமனார் கத்தினார்.

சின்னவன் குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு மாப்பிள்ளை?” என்று பெரிய மாப்பிள்ளையிடம் கேட்டார்.

“விழுது மாமா.”

“அணைடா! அணை!”

அணைத்த பிறகு மழைச் சத்தம் மட்டும் இருந்தது. டாக்டரம்மா குடையை மடக்கினாள். “நாலாவது பட்டறை” என்றாள். சிரிக்கவில்லை.

ஆற விட்டு இறக்கி, திருப்பிப் போட்டு, அடிச்சட்டியைக் கழற்றி, சின்ன மாப்பிள்ளைதான் கேப்பை எடுத்தான். கீழ்ப் பாதியை உருவி அதன் முதுகில் அடித்திருந்த எழுத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்ததை எடுத்தான். அதன் அடுத்ததை எடுத்தான். கையைத் துணியில் துடைத்தான், சுத்தமாக இருந்த கையை.

“என்னடா?”

“மெலிசு மாமா.”

“கீழ மெலிசா? நீ ரெண்டுன்னுதானே சொன்ன?”

சின்ன மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தான். ஒரு பார்வைதான். அதில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது புரிந்துபோன பார்வை. பிறகு மாமனார் பக்கம் திரும்பினான்.

“மேலயும் மெலிசுதான் மாமா. உங்ககிட்ட ரெண்டுன்னு சொல்லிட்டு அப்புறம் மாத்திட்டேன். கிராங்கைத் தூக்கி மேல் பாதி எல்லாத்துக்கும் அலமாரியில இருந்த மெலிசு போட்டேன். ரெண்டரை. அளந்துதான் வச்சேன்.”

“ஏன்டா மாத்தின?”

“அண்ணன் மனசு கஷ்டப்பட்டுட்டு இருந்துச்சு. அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்கு, ஆறின எஞ்சினை யாராவது மிதிச்சா டைட்டாயிடும். ரெண்டரைக்கும் இந்த ஆயில் தட்டுத் தடுமாறித் தாங்கும்னு தோணுச்சு. நல்லா ஓடினப்புறம், அண்ணே, நீங்க சொன்ன அளவுதான் வச்சேன்னு சொல்லலாம்னு இருந்தேன்.”

பெரிய மாப்பிள்ளை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். மேலே அரை, கீழே அரை. மூன்று. சூடானால் நாலு. விட்டுக்கொடுக்கிறேன் என்று அவன் ஒரு பக்கம் தளர்த்த, விடமாட்டேன் என்று இவர் ஒரு பக்கம் தளர்த்த, எண்ணெய் நடுவில் ஒழுகிப் போயிற்று.

“சரி, மேல் பாதிக்குச் சொல்லிட்ட. கீழ்ப் பாதி?” என்றார் மாமனார்.

“அது... அதுவும் நானாத்தான் இருக்கும்.”

“இருக்கும்னா என்னடா பேச்சு? போட்டியா, போடலையா?”

“போட்டேன் மாமா. மறந்து ரெண்டு பக்கமும் போட்டுட்டேன். என் தப்புதான்.”

மாமனார் கத்துவார் என்று எல்லோரும் நின்றார்கள். அவர் கத்தவில்லை. தட்டுத் தடுமாறி எழுந்து வந்து, கையை நீட்டி, அவன் தோளைத் தேடிப் பிடித்தார்.

“மடையா. இதை மறைச்சிருந்தா எனக்குக் கண்ணு தெரியாது, யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சொன்ன பார்த்தியா, அது போதும்.”

டாக்டரம்மாகூட இளகிவிட்டாள். “பரவாயில்ல தம்பி. முதல் மூணு பேரும் என் மிதியிலதான் தப்புன்னு சொன்னானுங்க. நீங்க ஒருத்தர்தான் உங்க மேல போட்டுக்கிட்டீங்க. பந்தயத்துக்கு இன்னும் நாள் இருக்கு, மறுபடி கட்டுங்க.”

அந்தத் தோள் மேல் இருந்த கையைப் பெரிய மாப்பிள்ளை பார்த்தார். நரம்பு புடைத்து, எண்ணெய்க் கறுப்பு நகத்துக்குள் ஏறி இனி எந்தச் சோப்புக்கும் போகாத கை. மேசை போயிற்று. பேச்சு போயிற்று. பெண்டாட்டிகூட அவன் பக்கம் பேசுகிறாள். இப்போது பார், செய்யாத தப்பையும் எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்கிறான், அதற்கும் ஒரு தட்டு கிடைக்கிறது. தன்னுடையது என்று இருந்த கடைசிச் சாமான் அந்தக் கீழ்ப் பாதிதான். அதையும் தூக்கிக்கொண்டு போகிறான்.

“அது என்னுது” என்றார்.

மழையில் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினார்.

“கீழ்ப் பாதி என்னுது! என் டிராயர்ல இருந்து எடுத்து நான் போட்டது. அதுல உனக்கு என்ன வேலை?”

“அண்ணே, விடுங்க...”

“நீ பேசாத! எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. இதையாவது விடு. கெட்டதுன்னாலும் அது நான் பண்ணது.”

மாமனாரின் கை தோளிலிருந்து இறங்கியது. சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

“நீங்களா மாப்பிள்ளை?”

“ஆமா மாமா.”

“சரி. போட்டீங்க. போட்டப்புறம் எவ்வளவு வந்துச்சு?”

பெரிய மாப்பிள்ளை கழற்றிப் போட்ட கேப்பைப் பார்த்தார்.

“அளந்தீங்களா மாப்பிள்ளை?”

“இல்ல மாமா.”

கிழவர் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரைக்கும் பொறாமை, போட்டி, சகலைச் சண்டை எல்லாம் வீட்டு விஷயம், எந்த வீட்டில் இல்லை. இது வேறு. இவர் பக்கமாக இரண்டு அடி வைத்து நெருங்கி, குரல் உயராமல், அதே மரியாதையோடு சொன்னார்:

“அப்ப மேசை அவன்கிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க பிளாக்கைக் கழுவுங்க.”

கழுவுகிற தொட்டி கொட்டகையின் கடைசியில் இருந்தது. அடியில் அடுப்பு, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். ஓடின எஞ்சினை மறுபடி கட்டும்போது ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். மெனக்கெட்ட வேலை. வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் கொடுக்கிற வேலையும் அதுதான். பெரிய மாப்பிள்ளை முழங்கை வரை நனைந்து தேய்த்தார். பெரியவள் டீ கொண்டுவந்து தொட்டி விளிம்பில் வைத்தாள்.

“நீங்களா ஒத்துக்கிட்டீங்களாமே. தங்கச்சி சொன்னா. பெரிய மனசுன்னு சொன்னா.”

“பெரிய மனசுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அவன் எடுத்துட்டுப் போறானேன்னு சொன்னேன்.”

பெரியவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தே விட்டாள்.

“நீங்க திருந்தவே மாட்டீங்க. டீ ஆறிடும், குடிங்க.”

அவள் போன பிறகு அவர் டீயைக் குடிக்கவில்லை. மனசில் ஒரு கணக்கு ஓடியது. அலுமினியம் விரியும், ஒன்று கூடும் என்கிறானே. யார் பார்த்தது? புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தில் என்னென்னவோ இருக்கும். பிளாக் இப்போது கொதிக்கிற தண்ணீரில்தான் கிடக்கிறது. கழுவ வைத்த கிராங்கும் அதே தொட்டியில், அதே சூட்டில். அளந்தால் தெரிந்துபோகிறது. அவன் சொன்னது பொய் என்று ஆனால், ஈரக் கையோடு அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து எல்லோர் முன்னாலும் சொல்லலாம்.

அவசர அவசரமாக ஒரு கேப்பை மாட்டி இறுக்கினார். தன் டிராயரைத் திறந்து தன் போர் கேஜை எடுத்தார். துணி சுற்றிய கையால் பிடித்துத் துளையை அளந்தார். கிராங்கைத் தூக்கி அளந்தார். ஆறிய நிலையில் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். பிளாக் மூன்று தவ் வளர்ந்திருந்தது. ஷாஃப்ட் ஒன்றரைதான், அதற்கு மேல் கொஞ்சம். நடுவில் மிச்சம் நின்றது அவன் சொன்ன அந்த ஒன்று, ஒன்றுக்கும் மேலே ஒரு துளி.

கையில் தப்பிருக்கும் என்று இன்னொரு கேப்பை மாட்டினார். அதே கதை. கேஜை உதறிவிட்டு மறுபடி வைத்தார். கேஜுக்கு யார் சகலை, யார் மாமனார்? அதே இடத்தில் வந்து நின்றது.

விரல் நுனி சுட்டுக் கொப்புளித்திருந்தது. அப்போதுதான் தெரிந்தது. கேஜைத் துடைத்து டிராயரில் வைத்துப் பூட்டினார்.

பிளாக்கைத் தூக்கி மேடையில் வைத்துக் காய விடுகிற நேரத்தில் உள் அறைக் கதவு திறந்தது. சின்ன மாப்பிள்ளை செருப்பில்லாத காலோடு வாசலில் நின்றான். கையில் இரண்டு பேரிங் பெட்டி, சாதாரணம் ஒன்று, மெலிசு ஒன்று. அவனுக்குப் பின்னால் ஸ்டூலில் மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது.

“அண்ணே, எவ்வளவு வைக்கட்டும்?”

நிஜமாகக் கேட்கிறானா, கிழவர் கேட்கட்டும் என்று கேட்கிறானா, தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் நிஜமாகக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. அவன் முகத்தில் எப்போதுதான் வேறு மாதிரி இருந்திருக்கிறது? இரண்டரை என்று சொன்னால் வைத்துவிடுவான். கட்டாயம் வைத்துவிடுவான். வைத்து, எஞ்சின் தடுமாறினாலும் ‘என் தப்புதான்’ என்று மறுபடி தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். நாக்கு நுனியில் அந்த ‘ரெண்டரை’ வந்து உட்கார்ந்திருந்தது.

“ரெண்டு” என்றார்.

“இல்லண்ணே, உங்க ரெண்டரையும் யோசிச்சுப் பார்த்தேன். கொஞ்சம் கெட்டி ஆயில் ஊத்தினா...”

“காது கேக்கலையா? ரெண்டு வை. மெல்லிசு ஆயிலே ஊத்து. அந்த அம்மாகிட்ட, ஆயில் சூடாகறதுக்குள்ள மிதிச்சா காலை ஒடிப்பேன்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

ஸ்டூல் கிரீச்சிட்டது. மாமனார் எழுந்திருக்கிறார். எதற்காகவோ இந்தப் பக்கம் வரப் பார்க்கிறார். சின்ன மாப்பிள்ளை பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான். என்னவோ சொல்ல வாயைத் திறந்தான்.

பெரிய மாப்பிள்ளை ஏர் கன்னை எடுத்து பிளாக்கின் எண்ணெய்த் துளையில் வைத்து அழுத்தினார். காற்று காதைக் கிழித்துக்கொண்டு பீறியது. அவன் உதடு அசைந்தது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. அடுத்த துளை, அதற்கடுத்த துளை. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன பிறகும், அவர்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகும் மட்டும், அழுத்திய விரலை அவர் எடுக்கவில்லை.